டபுள் ஸ்ட்ரோலர் வாங்குமுன் நிலைவாசலை அளந்துகொள்ளுங்கள்
வாசகர் கேள்வி பதில்

இரட்டைப் பிள்ளைகளைப் பெற்ற தாய்மார் சிலரும், அடுத்தடுத்துப் பிள்ளை பிறந்த வீட்டார் சிலரும் இம்மாதம் ஒரே பொருளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். இரண்டு குழந்தைகளை ஒன்றாக வைத்துத் தள்ளும் வண்டியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கேட்கும் அந்தக் கடிதங்கள் எல்லாமே இராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்தவை. நம் பக்கத்தில் தள்ளுவண்டி என்றால் பழக்கடையும் இட்லிக்கடையும்தான் நினைவுக்கு வரும் என்பதால், கடையில் ‘டபுள் ஸ்ட்ரோலர்’ என்றே கேளுங்கள். என் பிள்ளைகளும் இரட்டையர்தாம். மண்டபத்தில் அவர்களை வளர்த்த காலத்தில் இரண்டு வண்டிகள் வாங்கினேன்; முதல் வண்டி வீணாகிப் போனது. அந்த அனுபவத்தையும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எனக்கு இரட்டை ஆண் குழந்தைகள். 34 வாரத்திலேயே பிறந்துவிட்டார்கள். இப்போது நான்கு மாதம் ஆகிறது. என் கணவர் ஷார்ஜாவில் வேலை செய்கிறார். அடுத்த விடுமுறையில் வரும்போது வண்டி வாங்கி வருவதாகச் சொல்லி, பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் வண்டியா, முன்னும் பின்னுமாக இருக்கும் வண்டியா என்று கேட்கிறார். எங்கள் வீடு குறுகிய சந்துக்குள் இருக்கிறது. எதை வாங்கச் சொல்வது?
— ஒரு வாசகி, கீழக்கரை

பதில்: சகோதரி, உங்கள் கணவருக்குப் பதில் சொல்வதற்கு முன்பு தையல் நாடா ஒன்றை எடுத்துக்கொண்டு தெருவாசலுக்குப் போங்கள். நிலையின் அகலத்தை மட்டும் அளந்தால் போதாது. கதவை முழுவதும் திறந்து வைத்த பிறகு, கதவின் விளிம்புக்கும் எதிர்ப்பக்கத்து நிலைக்கும் நடுவே எவ்வளவு மிஞ்சுகிறதோ அதுவே வண்டிக்குக் கிடைக்கும் வழி. அடுத்து, வண்டியை எந்த அறையில் நிறுத்தப் போகிறீர்களோ அந்த அறையின் வாசலையும், சந்தில் மோட்டார் சைக்கிள் நிறுத்தியபின் எஞ்சும் இடத்தையும் அளந்து, மூன்றில் எது குறைவோ அந்த அளவைச் சென்டிமீட்டரில் அவருக்கு அனுப்புங்கள். வண்டிகளின் அட்டையில் அளவுகள் சென்டிமீட்டரில்தான் இருக்கும். நாம் இரண்டரை அடி வாசல் என்று சொல்வது அதில் 76 ஆகும்.

பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் வண்டிகள் பெரும்பாலும் 70 முதல் 80 சென்டிமீட்டர் அகலம் கொண்டவை. முன்னும் பின்னுமாக இருப்பவை 60 சென்டிமீட்டரை ஒட்டியே இருக்கும். ஆனால் நீளம் ஒரு மீட்டரைத் தாண்டும். நான் முதலில் வாங்கிய வண்டியின் அட்டையில் 68 என்று அச்சிட்டிருந்தது. அது இருக்கைகளின் அகலம் என்பதையும், பின்சக்கரங்கள் இருபுறமும் அதற்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கும் என்பதையும் கடைக்காரர் சொல்லவில்லை. நானும் கேட்டு வாங்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே வண்டி நிலையில் முட்டிக்கொண்டு நின்றது. ஒவ்வொரு முறையும் ஒரு பிள்ளையை இடுப்பிலும் மற்றொன்றை மாமியார் கையிலும் கொடுத்துவிட்டு வண்டியை மடக்கி உள்ளே எடுப்பது ஆகிற காரியமாக இல்லாததால், திண்ணையிலேயே விட்டுவிட்டோம். ஐப்பசி மழை முடிவதற்குள் முன்சக்கரங்கள் திரும்பாமல் இறுகிவிட்டன. ஆகவே, சக்கரத்தின் வெளிவிளிம்பிலிருந்து எதிர்ச் சக்கரத்தின் வெளிவிளிம்பு வரை கடையிலேயே நாடா வைத்து அளக்கச் சொல்லுங்கள். உங்கள் வாசலைவிட அது நான்கைந்து சென்டிமீட்டராவது குறைவாக இருக்க வேண்டும். சரிக்குச் சரியாக இருந்தால் பிள்ளையின் விரல் நிலையில் உரசும்.

அகலத்துக்கு அடுத்தபடியாக, என் எண்ணத்தில் அதைவிட முக்கியமாக, இருக்கை எவ்வளவு தூரம் சாய்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். உங்கள் பிள்ளைகள் ஆறு வாரம் முந்திப் பிறந்தவர்கள். வளர்ச்சியைக் கணக்கிடும்போது பிறந்த நாளிலிருந்து அல்லாமல், பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்தே மருத்துவர்கள் எண்ணுவார்கள். அந்தக் கணக்கில் அவர்களுக்கு இப்போது இரண்டரை மாதம்தான். கழுத்து நன்றாக நின்று, தானாக உட்காரும் வரை குழந்தையை மல்லாந்த நிலையில் தட்டையாகவே கிடத்த வேண்டும். சாய்வான இருக்கையில் தலை முன்னால் கவிழ்ந்து, முகவாய் மார்பில் படிந்துவிட்டால் மூச்சுக்குழல் மடங்கிவிடும். அப்போது குழந்தை அழக்கூட மாட்டாது என்பதால் தள்ளிக்கொண்டு போகிறவருக்கு எதுவும் தெரியாது. குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு இந்த ஆபத்து கூடுதல்.

உங்கள் கணவரின் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. முன்னும் பின்னுமான வண்டிகள் பலவற்றில் ஓர் இருக்கை மட்டுமே முழுவதும் தட்டையாகும். மற்றது பாதிதான் சாயும். அண்ணன் தம்பிக்கு அது போதும். ஒரே நாளில் பிறந்த இருவருக்குப் போதாது. எனவே உங்கள் வாசல் இடம் கொடுத்தால், இரண்டு இருக்கையும் தனித்தனியே முழுவதும் சாயும் பக்கத்துப் பக்கத்து வண்டியை வாங்கச் சொல்லுங்கள். ஒருவன் தூங்கும்போது மற்றவன் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம். வாசற்படி ஏற்றும்போது முன்பக்கத்தைத் தூக்குவதும் எளிது. வாசல் இடம் கொடுக்காவிட்டால், இரண்டு இடத்திலும் தட்டையான படுக்கைத் தொட்டில் பொருத்தக்கூடிய முன்பின் வண்டியைத் தேடலாம். அதுவும் கிடைக்காவிட்டால் பிள்ளைகள் உட்காரும் வரை பொறுத்திருங்கள். அதுவரைக்கும் நம் வீடுகளில் மடிக்குப் பஞ்சம் இல்லை.

கடையில் அவர் பார்க்க வேண்டியவை இன்னும் சில உள்ளன. வார்ப்பட்டை தோள்களுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, கால்களுக்கு நடுவே ஒன்று என ஐந்து இடங்களில் பிடிக்க வேண்டும். வண்டியால் நேரும் காயங்களில் பெரும்பாலானவை பிள்ளை விழுவதால் ஏற்படுபவையே. கைப்பிடி ஒரே நீளக் கம்பியாக இருந்தால் ஒற்றைக் கையால் தள்ளலாம். இரண்டு தனிக் கொக்கிகளாக இருந்தால் இரண்டு கையும் வேண்டும். ஐரோப்பியத் தரநிலையான ஈ.என். 1888 என்ற குறி இருந்தால், தடை (பிரேக்), கவிழாத்தன்மை முதலியவை சோதிக்கப்பட்ட வண்டி என்று கொள்ளலாம். ஷார்ஜாவில் விற்கும் வண்டிகளில் பல, மால்களின் வழவழப்பான தரைக்காகவே சின்னச் சக்கரங்களோடு வருகின்றன. அவற்றைத் தவிர்க்கச் சொல்லுங்கள். ஒரு ஜோடி முன்சக்கரத்தை உபரியாக அப்போதே வாங்கி வைத்துக்கொள்வதும் நல்லது. வெளிநாட்டு வண்டியின் சக்கரத்தை நம்மூரில் தேடி அலைந்து களைத்தவர்களை எனக்குத் தெரியும்.

கேள்வி: எங்கள் வீட்டிலிருந்து தார்ச்சாலைக்கு வர நூறு அடி மணலைக் கடக்க வேண்டும். என் இரட்டைப் பெண்களுக்கு ஒன்பது மாதம். காற்றடைத்த டயர் உள்ள வண்டிதான் மணலில் போகும் என்கிறார்கள். கடல் பக்கத்தில் எந்த வண்டியும் ஒரு வருடத்தில் துருப்பிடித்துவிடும் என்றும் சொல்கிறார்கள். உண்மையா?
— மீனவர் குடும்பத்து வாசகி, தங்கச்சிமடம்

பதில்: சொன்னவர்கள் இரண்டிலும் பாதி உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள். சிறிய கெட்டிப் பிளாஸ்டிக் சக்கரம் மணலில் புதையும் என்பதும், அகலமான பெரிய டயர் மணலின் மேல் பரவி உருளும் என்பதும் சரிதான். ஆனால் நம் மணலில் சீமைக்கருவேல முள் கிடக்கிறது. வேலியோரத்திலிருந்து காற்றில் உதிர்ந்து வரும் அந்த முள், சைக்கிள் டயரையே துளைத்துவிடும் என்றால் வண்டி டயர் எம்மாத்திரம்? காற்றுக்குப் பதிலாக உள்ளே நுரை நிரப்பிய டயர்கள் இருக்கின்றன. சற்றுக் கனமானாலும் அவை பஞ்சராவதில்லை. பின்சக்கரத்தின் குறுக்களவு 25 சென்டிமீட்டருக்குக் குறையாமலும், முன்சக்கரம் வேண்டும்போது நேராகப் பூட்டிக்கொள்ளும்படியும் உள்ள வண்டியைத் தேர்ந்தெடுங்கள். பூட்டாத முன்சக்கரம் மணலில் குறுக்கே திரும்பி நின்றுகொள்ளும்.

அப்படிப்பட்ட வண்டியையும் மணலில் முன்னால் தள்ளாதீர்கள். திருப்பி வைத்து, கைப்பிடியைச் சற்றே தாழ்த்தி, பின்சக்கரங்கள் முன்னே வருமாறு இழுத்துக்கொண்டு போங்கள். சிறிய முன்சக்கரங்கள் மணலை உழாமல் மேலோடு வந்துவிடும். ஒன்பது மாதப் பிள்ளைகள் இருவரும் சேர்ந்து 16 கிலோ அளவில் இருப்பார்கள். வண்டி 14 கிலோ என்றால் மொத்தம் 30 கிலோ. அரிசி மூட்டையை மணலில் தள்ளுகிறவர் யாரும் இல்லை, இழுக்கத்தான் செய்வார்கள்.

துருவைப் பொறுத்தவரை, இரும்புச் சட்டத்தை விட்டு அலுமினியச் சட்டம் உள்ளதை வாங்குங்கள். அதனாலேயே கவலை தீர்ந்துவிடாது. அலுமினியமும் இரும்பு ஆணியும் சேருமிடத்தில் உப்பீரம் பட்டால், அலுமினியம் அரித்து, ஆணித்தலையைச் சுற்றி வெள்ளைப்பொடி பூக்கும். முதலில் அதைப் பார்க்க வேண்டிய இடம் மடக்கும் மூட்டு. கடல் பக்கம் போய் வந்த ஒவ்வொரு நாளும், நனைத்துப் பிழிந்த துணியால் மூட்டுகளையும் அச்சுகளையும் துடைத்துவிட்டு நிழலில் உலர்த்துங்கள். குடத்துக்குக் காசு கொடுத்து நல்ல தண்ணீர் வாங்கும் நம் ஊர்களில் வண்டியைக் குளிப்பாட்டச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு செம்புத் தண்ணீர் போதும். தேங்காய் எண்ணெயோ, படகு இஞ்சின் எண்ணெயோ போட வேண்டாம். மணல் அதில் ஒட்டி, உப்புத்தாள்போல அச்சைத் தேய்த்துவிடும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சிலிக்கான் ஸ்பிரே, ஈரம் காய்ந்த பின்பு, மாதம் ஒரு முறை போதுமானது.

உங்கள் தெருவுக்கென்றே ஒரு செய்தி. வலை சீர்செய்கிற இடங்களைக் கடந்து போகும் வண்டி, சில நாளில் ஒரு பக்கமாக இழுக்கத் தொடங்கும். முன்சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள். தலைமுடியும், தேங்காய் நாரும், வலையிலிருந்து அறுந்து விழுந்த பச்சை நைலான் இழையும் முறுக்கிக்கொண்டு, ஒரு விரற்கடை அகலத்துக்கு அச்சில் வளையமாக இறுகியிருக்கும். சவர பிளேடால் குறுக்கே ஒரு கீறல் போட்டால் வளையம் பிளந்து கையோடு வந்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை இதைச் செய்துவந்தால் சக்கரம் மாற்றும் செலவு பெரும்பாலும் வராது.

கேள்வி: கச்சான் காற்றில் வண்டி கவிழ்ந்துவிடும் என்று என் மாமியார் வண்டியே வேண்டாம் என்கிறார். அவர் பயப்படுவது சரியா?
— ஒரு வாசகி, பாம்பன்

பதில்: சரியே, ஆனால் அதற்காக வண்டியை வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. வெயிலுக்காக விரித்த கூடாரத்துணி, காற்று முன்னாலிருந்து அடிக்கும்போது பாய்மரம்போல வேலை செய்யும். கைப்பிடியில் பையும் தொங்கினால் வண்டி பின்னால் சாய்வது உறுதி. பையைக் கீழ்த்தட்டில் வையுங்கள், பலத்த காற்றில் கூடாரத்தை மடக்கிவிடுங்கள். கைப்பிடியோடு கட்டிய வார் ஒன்றை மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளுங்கள். சாலைப் பாலத்தின் ஓரத்தில் நின்று கடலையும் ரயில் பாலத்தையும் பார்ப்பது எல்லாருக்கும் ஆசைதான். காற்று மாதங்களில் பிள்ளைகளை அங்கே வண்டியில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டாம். படகுத்துறை மேடையில் வண்டியை நிறுத்த நேர்ந்தால், சக்கரங்கள் கடலை நோக்காமல் கரைக்கு இணையாக இருக்கும்படி நிறுத்தித் தடையை அழுத்துங்கள். தடை அழுத்தியிருந்தாலும் கையை எடுக்காதீர்கள்.

கேள்வி: என் மகளின் இரட்டைப் பிள்ளைகளுக்கு ஐந்து மாதம். மதியத்தில் வண்டியிலேயே தூங்கிவிடுகிறார்கள். எழுப்ப மனமில்லாமல், வெயிலும் ஈயும் படாமல் மெல்லிய வேட்டியால் வண்டியை மூடி வேப்பமரத்தடியில் விட்டுவிடுகிறேன். மகள் கோபிக்கிறாள். நான் செய்வதில் தவறு உண்டா?
— ஒரு பாட்டி, இராமேசுவரம்

பதில்: அம்மா, பேரப்பிள்ளைகளின் மேல் உள்ள பாசத்தால்தான் செய்கிறீர்கள். ஆனாலும் இதில் உங்கள் மகள் பக்கமே நான் நிற்க வேண்டியிருக்கிறது. வேட்டி எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும், வண்டியின் திறந்த பக்கத்தை மூடியவுடன் உள்ளே காற்றோட்டம் நின்றுவிடுகிறது. பிள்ளைகளின் உடம்புச் சூடும், வண்டியின் கெட்டித் துணி வாங்கிவைத்த வெயிற்சூடும் வெளியேற வழியில்லாமல், வெளியே இருப்பதைவிட உள்ளே வெப்பம் கூடிவிடும். உங்கள் கையை வேட்டிக்குள் விட்டுப் பத்து நிமிடம் வைத்திருந்தால் நீங்களே உணர்வீர்கள். பெரியவர்களைப்போலக் கைக்குழந்தையால் உடம்புச் சூட்டைச் சமாளிக்க முடியாது. பக்கத்தில் பக்கத்தில் இருவர் கிடக்கும் வண்டியில் சூடும் இரண்டு பங்கு. துணியை நனைத்துப் போட்டாலும், ஈரம் காய்ந்த பிறகு பழைய கதைதான்.

ஈக்கும் கொசுவுக்கும், வண்டியின் விளிம்பில் இறுக்கமாகப் பொருந்தும் வலைத்துணி போதும். வெயிலுக்கு வண்டியின் கூடாரமும் மரநிழலும் போதும். நிழல் நகரும்போது வண்டியையும் நகர்த்துங்கள். வார்ப்பட்டையின் கொக்கி உலோகமாக இருந்தால், வெயிலில் நின்ற வண்டியில் பிள்ளையைக் கிடத்துமுன் அதைத் தொட்டுப் பாருங்கள். சித்திரை வெயிலில் அது தோலைச் சுட்டுவிடும்.

தூக்கத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வழியில் கண்ணயர்வது வேறு, பகல் முழுவதும் வண்டியிலேயே தூங்குவது வேறு. வீட்டுக்கு வந்ததும் தூக்கிப் பாயிலோ, கெட்டியான மெத்தையிலோ மல்லாக்கக் கிடத்திவிடுங்கள். விழித்துக்கொண்டு ஒரு பாட்டம் அழட்டும், பரவாயில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பனையோலை விசிறியால் வீசினீர்களானால் மறுபடியும் தூங்கிவிடுவார்கள்.

கேள்வி: மூத்தவனுக்கு இரண்டே முக்கால் வயது. இளையவளுக்கு இரண்டு மாதம். எங்களுக்கு டபுள் ஸ்ட்ரோலர் தேவையா?
— ஒரு தந்தை, உச்சிப்புளி

பதில்: தேவையில்லை என்றே நினைக்கிறேன். உங்கள் மகன் இன்னும் சில மாதங்களில் வண்டியில் உட்கார மறுத்து, தானே தள்ளுவேன் என்று அடம்பிடிப்பான். பிள்ளைகளுக்கு நடுவே ஒன்றரை வயதுக்குக் குறைவான இடைவெளி இருந்தால் இரட்டை வண்டி இரண்டு வருடமாவது உழைக்கும். உங்களுக்கு, மகள் தட்டையாகப் படுக்கும் ஒற்றை வண்டியும், அதன் பின்னால் மாட்டிக்கொள்ளும் சிறு சக்கரப் பலகையும் போதும். மகன் கால் வலிக்கும்போது பலகையில் ஏறி நின்றுகொள்வான். உங்கள் வண்டிக்கு அந்தப் பலகை பொருந்துமா, எத்தனை கிலோ தாங்கும் என்பவற்றை வாங்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள். பலகை மாட்டியிருக்கும்போது கைப்பிடிக்கும் உங்களுக்கும் நடுவே பையன் நிற்பதால், நீங்கள் கையை நீட்டிச் சற்று விலகி நடக்க வேண்டியிருக்கும். கடைக்குப் பையனையும் அழைத்துப்போய் ஒரு முறை தள்ளிப் பார்த்துவிடுங்கள்.

பேருந்தில் போவீர்களானால் ஒற்றைக் கையால் மடங்கும் வண்டியாக இருக்க வேண்டும். நெரிசலான டவுன் பஸ்ஸில் இரட்டை வண்டியை ஏற்றி இறக்குவது, கூட இன்னொரு பெரியவர் இல்லாமல் முடியாது.

கேள்வி: பக்கத்து வீட்டு அக்கா, தம் பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் அவர்களுடைய இரட்டை வண்டியைக் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்கிறார். நான்கு வருடம் பழையது. வாங்கலாமா?
— ஒரு வாசகி, தேவிபட்டினம்

பதில்: தாராளமாகப் பாருங்கள், ஆனால் பிள்ளைகளை வைத்துப் பார்க்காதீர்கள். இரண்டு இருக்கையிலும் பத்துப் பத்துக் கிலோ அரிசிப்பையை வைத்து வாரால் கட்டுங்கள். சரிவான இடத்தில் நிறுத்தித் தடையை அழுத்தி, வண்டியை லேசாகத் தள்ளிப் பாருங்கள். பல வண்டிகளில் தடை என்பது சக்கரத்தின் பல்லுக்குள் இறங்கும் சிறு முளைதான். மணல் அடைத்துக்கொண்டால் முளை முழுவதும் இறங்காது. மிதிகட்டை கீழே போய்விடுவதால் தடை பிடித்திருப்பதாக நமக்குத் தோன்றும். இரண்டு பின்சக்கரமும் அசையாமல் நிற்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பிறகு ஒரு பக்கத்துப் பையை மட்டும் எடுத்துவிட்டுத் தள்ளுங்கள். முன்பின் வண்டியாக இருந்தால், பின் இருக்கைப் பையை எடுத்ததும் முன்னால் கவிழப் பார்க்கிறதா என்பது அப்போது தெரியும்.

அடுத்து, மடக்கி விரிக்கும்போது பூட்டு ‘டக்’ என்று விழுகிறதா, கொஞ்சம் அசைத்தால் கழன்றுகொள்கிறதா என்று பாருங்கள். மடங்கும் மூட்டில் சின்ன விரல் நுழையும் அளவு இடைவெளி இருந்தால், விரிக்கும்போதும் மடக்கும்போதும் பிள்ளைகள் கைக்கு எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும். வார்த்துணி வெயிலில் வெளிறி, நகத்தால் கீறினால் நார் உதிர்கிறதென்றால் அதற்கு வலுவில்லை. சட்டத்தின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் போட்டுப் பற்றவைப்புகளை விரலால் தடவிப் பாருங்கள். மேல்துரு துடைத்தால் போய்விடும். அழுத்தினால் பொருக்காக உதிர்ந்து உள்ளே குழி தெரிந்தால் அந்த வண்டி வேண்டாம்.

இவற்றில் எல்லாம் தேறிவிட்டால், துணி உறைகளைக் கழற்றித் துவைத்து வெயிலில் காயவைத்து, வார்களை உங்கள் பிள்ளைகளின் தோள் உயரத்துக்கு மாற்றிப் பூட்டுங்கள். வாருக்கும் மார்புக்கும் நடுவே ஒரு விரல் நுழைந்தால் சரியான இறுக்கம். அதற்கு மேல் நுழைந்தால் இன்னும் ஒரு சுற்று இழுத்துவிட வேண்டும்.